மாதவிலக்கு தானாகச் சீராகுமா?

கேள்வி: வயது 27. திருமணமாகி இரண்டு வருடம். மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். உணவு, உடற்பயிற்சியால் சரிசெய்து கருத்தரிக்க முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: பலருக்கு முடிகிறது, சகோதரி. எடை கூடுதலாக இருந்தால், அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை மறுபடி வெளியாகத் தொடங்குகிறது. 70 கிலோ என்றால் நாலைந்து கிலோ போதும். இன்சுலின் மிகும்போது சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது. எடை இறங்கினால் இன்சுலினும் இறங்கும்.

உங்கள் பக்கம் கேழ்வரகும் சாமையும் விளைகின்றன. களி நல்லதுதான், அளவுதான் முக்கியம். உருண்டையைச் சிறிதாக்கி, கீரை, கொள்ளு, முட்டையைக் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையும் பேக்கரிப் பண்டமும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. காட்டில் உடல் வருந்தி வேலை செய்தால் அதுவும் கணக்கில் சேரும்.

நீங்கள் ஒல்லியானவர் என்றால் எடையைக் குறைக்கவே கூடாது. போதிய உணவில்லாமலும் மாதவிலக்கு நின்றுபோகும்.

திருமணமாகி ஒரு வருடம் தாண்டியும் கருத்தரிக்காததால் வீட்டு முயற்சியோடு நிற்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கணவருடன் செல்லுங்கள். உங்களுக்குத் தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனை. அவருக்கு விந்துப் பரிசோதனை. குறை பெண்ணிடம்தான் என்று வீட்டார் முடிவுகட்டுவது பெரிய அநியாயம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இப்போதே வேண்டும். உங்களுக்கு அதைவிடக் கூடுதல் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாள் தள்ளினால், கர்ப்பமா என்று பார்க்காமல் மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையைத் தொடாதீர்கள்.