இரவில் காணாமல் போகும் இஸட் டிரைவ்

பகலில் டபுள் கிளிக் செய்தால் ஒழுங்காக இயங்கும் பேக்கப் பைல், இரவில் டாஸ்க் ஷெட்யூலர் இயக்கும்போது மட்டும் ஏன் தோல்வி அடைகிறது? வீட்டில் நெட்வொர்க் டிரைவ் வைத்திருக்கும் பலரும் சந்திக்கும் சிக்கல் இது.

காஞ்சிபுரம் அருகே தாமலில், பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். அட்டை மாட்டும் ஜக்கார்டு தறியில், டிசைனின் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை தேவை. எந்த அட்டையில் எங்கு துளை இட வேண்டும் என்பது டிசைன் பைலில் உள்ளது. ஹார்ட் டிஸ்க் கெட்டால் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். எனவே தினமும் இரவு 11 மணிக்கு, டிசைன் போல்டரை உள் அறைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திட ஒரு டாஸ்க் அமைக்கிறார்கள். அங்குள்ள போல்டர் இஸட் டிரைவாக மேப் செய்யப்பட்டுள்ளது. காலையில் பார்த்தால் ஒரு பைல் கூடப் போய்ச் சேரவில்லை.

காரணம் இதுதான். இஸட் என்ற எழுத்து கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொதுவானது அல்ல. நீங்கள் லாக் ஆன் செய்து பணியாற்றும் அந்த செஷனுக்கு மட்டுமே உரியது. டாஸ்க்கில் "ரன் வெதர் யூசர் இஸ் லாக்ட் ஆன் ஆர் நாட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் அதற்கெனத் தனியே லாக் ஆன் செய்கிறது. அங்கு இஸட் டிரைவ் இருக்காது. "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" என்பதில் டிக் செய்தாலும் இந்நிலை ஏற்படலாம்.

இதனைச் சரி செய்திடும் வழிகள்:

1. பேட்ச் பைலில் இஸட் என்பதை நீக்கி, முழு நெட்வொர்க் முகவரியைத் தரவும். எடுத்துக்காட்டாக: ரோபோகாப்பி டி:\டிசைன் \\ரூம்2\பேக்கப் /இ /ஆர்:2 /டபிள்யூ:5 (ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்). இதில் ரூம்2 என்பது உள் அறைக் கம்ப்யூட்டரின் பெயர். கடைசி இரண்டும் முக்கியம். இவற்றைத் தராவிட்டால், காப்பி ஆகாத பைலை ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒரு முறை, பத்து லட்சம் தடவை வரை முயற்சிக்கும்!

2. டாஸ்க்கின் ஜெனரல் டேபில் "டு நாட் ஸ்டோர் பாஸ்வேர்ட்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடவும். அது இருந்தால் டாஸ்க் நெட்வொர்க்கை அணுக முடியாது. பாஸ்வேர்ட் கேட்கையில் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டைத் தரவும். பின் எண்ணைத் தரக் கூடாது.

3. உள் அறைக் கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, அந்த போல்டரில் எழுதும் அனுமதி வழங்கவும். பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுண்ட் இதற்கு உதவாது.

4. இரவு 11 மணிக்கு இரண்டு கம்ப்யூட்டர்களும் ஸ்லீப் நிலைக்குச் செல்லாதபடி பார்த்துக் கொள்ளவும்.

இனி, லாக் ஆப் செய்துவிட்டு ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். மறுநாள் "லாஸ்ட் ரன் ரிசல்ட்" கட்டத்தில் 0எக்ஸ்1 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ரோபோகாப்பியைப் பொறுத்தவரை, பைல்கள் காப்பி ஆகிவிட்டன என்றே அதற்குப் பொருள். 8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால்தான் பிழை. 16 என்ற எண் 0எக்ஸ்10 எனக் காட்டப்படும்.

எண் சரியாக இருந்தாலும், உள் அறைக் கம்ப்யூட்டரில் ஏதேனும் ஒரு டிசைனைத் திறந்து பார்த்துவிடுங்கள். வாரம் ஒரு முறை இதனைச் செய்வது நல்லது.