ஒரு தளம் மட்டும் ஏன் மறுக்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இணைய இணைப்புத்தான். ஒரு இணையத்தளம் மட்டும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. கைபேசி டேட்டாவில் அதே தளம் திறக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: கைபேசியில் திறக்கிறதென்றால் தளத்தில் கோளாறில்லை. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் இலங்கையில் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்களே, அதுபோன்ற நாடளாவிய தடையாகவும் தெரியவில்லை. பெரும்பாலும் உங்கள் இணைப்பின் ஐபி முகவரியைத்தான் அந்தத் தளம் தடுத்திருக்கும்.

அலுவலகக் கணினிகள் அனைத்தும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகவே தெரியும். ஒன்றில் வைரஸ் புகுந்து ஓயாமல் கதவைத் தட்டினாலும் தண்டனை எல்லோருக்கும்தான்.

திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். 429 என்றால் அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள். சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகும். 403 என்றால் நேரடி மறுப்பு. எல்லாக் கணினிகளிலும் வைரஸ் சோதனை செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன் பிறகே ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். புது முகவரி கிடைக்கக்கூடும். வைரஸை விட்டுவைத்தால் அதுவும் தடைபடும்.

ரவுட்டரின் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைய இணைப்புத் தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியை முகம் தெரியாத பலருக்கும் பகிர்ந்திருக்கிறது. முகவரித் தட்டுப்பாடுதான் காரணம்: பழைய ஐபி முறையில் (IPv4) மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் பகுதியின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் முகவரி அப்படிப் பகிரப்பட்டதானால், தனிப் பொது முகவரி தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், உங்கள் பொது முகவரி, தடைபட்ட நேரம், திரையில் வந்த பிழைச் செய்தி மூன்றையும் குறிப்பிட்டுத் தள நிர்வாகத்துக்கு எழுதுங்கள். தடையை நீக்க அவர்களால்தான் முடியும்.