சிங்கிளைத் தள்ளுகிறவர்களும் பாடுகிறவர்களும்

அன்புள்ள தம்பிக்கு,

மார்த்தாண்டத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. “லேபிள் காசைக் கொட்டித் தள்ளுற சிங்கிள்ல கலை எங்க இருக்கு? ராப்பு செத்துப்போச்சு” என்று கோபப்பட்டிருக்கிறாய். அதே கடிதத்தின் அடியில், உங்கள் கூட்டாளிகளின் பாட்டைக் கேட்டு ஒரு லேபிள் பேச வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா என்றும் கேட்கிறாய். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

தள்ளப்படும் பாட்டெல்லாம் மட்டம் என்றால் நம்ம ஊர்க் கோயில் கொடை நோட்டீஸை என்ன செய்வது? வில்லுப்பாட்டு அண்ணாவியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுத்தான் ஒட்டுகிறோம். அதனால் பாட்டு கெட்டுவிடுவதில்லை. ஆனால் நடுச்சாமத்தில் கதை உச்சத்துக்கு ஏறும்போது சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரவேண்டும். வராவிட்டால் நோட்டீஸைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. விளம்பரம் ஆளைக் கூட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

‘என்ஜாய் எஞ்சாமி’யையே எடுத்துக்கொள். 2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ லேபிள் வெளியிட்டது. பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவு, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, செலவழித்து எடுத்த வீடியோ. இதைவிடப் பெரிய தள்ளு எது? ஆனாலும் நல்ல பாட்டு. நிலமில்லாத கூலி மக்களின் கதையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து ராப்பர் அறிவு எழுதினார். ஒப்பாரியும் ஆட்டமும் ஒரே தாளத்தில் நிற்கும் பாட்டு அது. பணம் அதைக் கெடுக்கவில்லை.

கேடு வேறு இடத்தில் வந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அந்தப் பாட்டை அறிவோடு பாடிய தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இது ஏன் என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். அதன்பிறகு அறிவுக்கும் ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மேடையில் அறிவு இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் நான் என்று அறிவு எழுத, தீ, அறிவு, தான் ஆகிய மூவரின் கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோ போட்டார். லேபிள் அதை ஏற்கவில்லை. யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உலகமெல்லாம் கேட்ட பாட்டுக்கு இத்தனை பேர் இத்தனை வருஷம் கணக்குப் பேசிக்கொண்டிருப்பதே உனக்குப் பாடம்.

இது நம்ம நாட்டில் மட்டும் நடப்பதுமில்லை. ராப்பை உலகத்துக்குக் கொண்டுபோன முதல் பெரிய சிங்கிள், 1979-இல் ‘சுகர் ஹில்’ லேபிள் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதில் பிக் பேங்க் ஹாங்க் பாடிய பல வரிகள் நியூயார்க் பிராங்ஸ்காரரான ராப்பர் கிராண்ட்மாஸ்டர் கேஸுடையவை. கேஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல், எழுத்துக்கூட்டி அப்படியே பாடிவிட்டார். கேஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. பாட்டு இன்றைக்கும் ஆட வைக்கிறது.

பாட்டுக்குள்ளும் தள்ளு கை வைக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு கணக்கில் ஏறும். ரீலுக்கு அதைவிடக் குறைந்த துண்டு போதும். அதனால் ஹூக் முன்னால் வந்துவிடும். விஷயம் இருக்கும் கடைசிப் பத்தி சுருங்கும், இல்லையென்றால் காணாமல் போகும். 2019-இல் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஒஃப்ரோவும் போட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கேட்டுப் பார். அங்கே சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்க இடம் இருந்தது.

இனி உன் கேள்வி. கையெழுத்துப் போடு, ஆனால் படித்துவிட்டுப் போடு. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தமக்கு வரவேண்டிய ராயல்டி உரிமையை லேபிளுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். ராப்பில் பாடுகிறவன்தானே எழுதுகிறவனும்? அது உனக்குப் பெரிய பிடி. அப்படிப்பட்ட சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகு. ஒலிப்பதிவின் உரிமையான மாஸ்டர் வேறு விஷயம். அதை லேபிள் கேட்கும். எத்தனை வருஷத்துக்கு என்று கேள். வீடியோ செலவும் விளம்பரச் செலவும் உன் பங்கில்தான் முதலில் கழிக்கப்படுமா, கணக்கு எப்போது காட்டுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கு. நம்ம ஊர்ப் பேச்சைச் சென்னைப் பேச்சாக மாற்றச் சொன்னால் மட்டும் மறுயோசனை இல்லாமல் எழுந்து வந்துவிடு, மக்கா. ராப்புக்கு வாய்தான் மூலதனம்.

சிங்கிள் வெளிவந்ததும் எனக்கு ரீலை அனுப்பாதே. முழுப் பாட்டையும் அனுப்பு. யார் எழுதினார், யார் அடித்தார், யார் பாடினார் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்பு. பாட்டு நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்வேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து உன் அண்ணாச்சி