வாரிய வீட்டுக்கு மனு போடப் போறியா? அக்கா சொல்ற 10 டிப்ஸ்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வாடகைக்குக் குடியிருக்கிற தங்கச்சிங்க பலரும் என்கிட்ட கேட்கிறது ஒரே கேள்விதான்: "அக்கா, கவர்மென்ட்ல வீடு கொடுக்கிறாங்களாமே, எங்கே எழுதிக் கொடுக்கணும்?" இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. கவர்மென்ட் வீடுன்னு நாம சொல்றது நாலஞ்சு தனித்தனித் திட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ் வேற, தகுதி வேற. இன்னொரு விஷயம், பேப்பர்ல அறிவிப்பு வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுறவங்களுக்கு அதுக்குள்ள கடைசித் தேதி வந்துடும். ஃபைலைத் தயாரா வச்சிருக்கிறவங்கதான் முதல் நாளே மனுவைக் கொடுக்கிறாங்க. நீ அந்த ரெண்டாவது கூட்டத்துல இருக்கணும். அதுக்குத்தான் இந்த டிப்ஸ்.

1. நீ யாரோட எல்லையில இருக்கேன்னு பார்

வீட்டு வரி ரசீதை ஓனர்கிட்ட வாங்கிப் பார். அதுல எந்த உள்ளாட்சி பேர் இருக்கோ அதுதான் உனக்கு. அம்பத்தூர் 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்து 7-வது மண்டலமாச்சு. 2018-ல வட்டமும் சென்னை மாவட்டத்துக்கு வந்துடுச்சு. ஆவடி 2019-லேர்ந்து தனி மாநகராட்சி, ஆனா மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சி, திருமழிசை பேரூராட்சி. நடுவுல சில ஊர்கள் ஊராட்சி. அதனால அம்பத்தூர்க்காரி கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும்னா ராஜாஜி சாலைக்குப் போகணும், ஆவடிக்காரி திருவள்ளூருக்குப் போகணும். ஆபீஸ் மாறிப் போனா ஒரு நாள் கூலி வீண்.

ஊராட்சியில குடிசையில இருக்கிறவங்களுக்கு நகர்ப்புறத் திட்டம் பொருந்தாமப் போகலாம். அவங்களுக்கு 2024-ல வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இருக்கு: 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். அதை ஊராட்சி ஆபீஸ்ல, ஒன்றிய ஆபீஸ்ல விசாரிக்கணும்.

2. மாநகராட்சி வீடு ஒதுக்காது

கவுன்சிலரைப் பிடிச்சா வீடு கிடைச்சுடும்னு நம்பி நிறைய பேர் வார்டு ஆபீஸ் வாசல்லயே நிக்கிறாங்க. மாநகராட்சி, நகராட்சி வேலை என்னன்னா, நீ அந்த ஊர்ல இருக்கியா, தகுதி இருக்கான்னு சரிபார்த்து மேலே அனுப்புறது. வீட்டைக் கட்டி ஒதுக்குறது வாரியம்; எந்த வாரியம்னு அடுத்த டிப்ஸ்ல சொல்றேன். சரிபார்க்க ஆள் வர்ற அன்னைக்கு வீட்ல யாராவது இருக்கணும், போன் எடுக்கணும். 'கதவு பூட்டியிருந்தது'ன்னு எழுதிட்டா மனு அங்கேயே தூங்கிடும். அதனால மனுவுல அடிக்கடி மாத்தாத நம்பரைக் கொடு.

3. உனக்கான வாசல் எது?

சொந்த நிலமும் இல்லை, வீடும் இல்லை, குடும்பத்தோட ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள்ளயா? உனக்கு தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-ல குடிசை மாற்று வாரியமா ஆரம்பிச்சது, 2021-ல பேர் மாறிச்சு. தலைமை ஆபீஸ் சேப்பாக்கம் காமராஜர் சாலையில. இந்த வாரிய வீடு எல்லாமே இலவசம்னு நினைக்காதே. மத்திய, மாநில மானியம் போக மீதியை நாம கட்டணும். அதுக்குப் பேர் பயனாளி பங்களிப்பு. காலியா இருக்கிற வீடுகளுக்கு வாரியம் அப்பப்ப சிறப்பு முகாம் போட்டு மனு வாங்கும்.

உன் பேர்லயோ வீட்டுக்காரர் பேர்லயோ பட்டா நிலம் இருக்கு, ஆனா ஓட்டை ஒழுகல் வீடா? பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்துல (நகர்ப்புறம் 2.0, 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சது) நீயே கட்டிக்கிற பிரிவு இருக்கு. மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு குறைஞ்சது 1 லட்சம். மொத்தமா கையில வராது; அஸ்திவாரம், மேல்தளம்னு கட்டக் கட்ட, போட்டோ எடுத்துப் பதிவு பண்ணின பிறகு தவணையா வரும். அஸ்திவாரத்துக்கு உன் கையில காசு இருந்தாத்தான் ஆரம்பிக்க முடியும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, வருமானம் 9 லட்சம் வரைக்குமா? பேங்க் கடன்ல வீடு வாங்கினா அதே திட்டத்துல வட்டி மானியம். கணக்கை 7-வது டிப்ஸ்ல சொல்றேன்.

நாலாவது, தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம், நம்ம பாஷையில ஹவுசிங் போர்டு. 1961-லேர்ந்து இருக்கு, முகப்பேர், அயப்பாக்கம் எல்லாம் அது வளர்த்த இடங்கள்தான். மனை, ஃபிளாட் விற்பனைக்கு அறிவிப்பு வரும். முன்பணத்தோட விண்ணப்பிக்கணும், ஆள் அதிகமானா குலுக்கல்.

4. வீடு இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி

பிரதம மந்திரி திட்டத்துல குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைங்க. இதுல யார் பேர்லயும் இந்தியாவுல எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. 'அது செய்யாறுல இருக்கிற பழைய வீடுதானேக்கா'ன்னு சொல்லாதே, அதுவும் கணக்குதான். கடந்த 20 வருஷத்துல வேற எந்த அரசு வீட்டுத் திட்டத்துலயும் பயன் வாங்கியிருக்கக் கூடாது. எல்லாரோட ஆதாரையும் வாங்குறாங்க. மறைச்சா அப்புறம் ஒதுக்கீடே ரத்தாகும்.

புறம்போக்குல வீடு கட்டி ரொம்ப வருஷமா இருக்கிறவங்க ஒண்ணு விசாரிங்க. சென்னையைச் சுத்தின பெல்ட் ஏரியாவுல பட்டா கொடுக்க 1962-லேர்ந்தே தடை இருந்தது. 2025 பிப்ரவரியில தமிழக அமைச்சரவை, இந்தப் பகுதியையும் சேர்த்து ஆட்சேபம் இல்லாத புறம்போக்குல குடியிருக்கிற 86,000 பேருக்குப் பட்டா கொடுக்க முடிவு எடுத்தது. தாசில்தார் ஆபீஸ்ல உன் சர்வே நம்பர் எந்த வகைன்னு கேள். ஏரி, கால்வாய், மேய்க்கால்னா பட்டா வராது. அங்கே காசு போட்டு மாடி எடுக்காதே.

5. ஃபைல் ஒண்ணு போடு

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஒரு ஃபைல்ல இவ்வளவும் இருக்கட்டும்: குடும்பத்துல எல்லாரோட ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், வருமானச் சான்று, சாதிச் சான்று, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கணவர் இல்லைன்னா இறப்புச் சான்று, விதவைச் சான்று. ஒவ்வொண்ணுலயும் மூணு ஜெராக்ஸ்.

இனி இதுல சிக்கல் வர்ற இடங்களைச் சொல்றேன். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, ரேஷன் கார்டுல பின்னாடி, பாஸ்புக்ல அப்பா பேர், வோட்டர் ஐடியில வீட்டுக்காரர் பேர்னு இருந்தா இப்பவே ஒண்ணாக்கு. கல்யாணமாகி அஞ்சு வருஷமாகியும் உன் பேர் அம்மா வீட்டு ரேஷன் கார்டுலயே இருக்கா? நீக்கி, உங்க ரெண்டு பேருக்கும் தனிக் கார்டு வாங்கு. மாமியார் கார்டுலயே இருந்தா, அவங்க வீட்டை உன் கணக்குல சேர்த்துப் பார்ப்பாங்களோங்கிற சந்தேகத்துக்கு நீயே இடம் கொடுக்கிற மாதிரி ஆகிடும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிஞ்சு தாசில்தார் ஆபீஸ்லேர்ந்து வரும். வீட்டுக்காரர் சம்பளம், உன் சம்பளம் ரெண்டையும் சேர்த்துச் சொல்லு. 3 லட்சம்னா மாசம் 25,000. கம்பெனி சம்பளம் பேங்க்ல ஏறுறப்போ குறைச்சுச் சொன்னா பாஸ்புக்கே காட்டிக் கொடுத்துடும்.

6. உனக்கு முன்னுரிமை இருக்கான்னு பார்

தனியா இருக்கிற பெண்கள், கணவரை இழந்தவங்க, திருநங்கைகள், முதியவங்க, எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்குப் பிரதம மந்திரி திட்டத்துல முன்னுரிமை. தூய்மைப் பணியாளர், தெரு வியாபாரி, அங்கன்வாடிப் பணியாளர், கட்டடத் தொழிலாளி இவங்களையும் தனியாக் கவனிக்கச் சொல்லியிருக்கு. மாற்றுத் திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி வீட்டு ஒதுக்கீட்டுல 5 சதவீதம். அடையாள அட்டையோட தரைத்தளம் வேணும்னு மனுவுலயே எழுது.

வீட்டுக்காரர் கொத்தனாரா, பெயின்டரா, சென்ட்ரிங் வேலையா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருக்கா, புதுப்பிச்சிருக்கான்னு பார். அந்த வாரியம் வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை உதவி தருது. பதிவு விட்டுப் போயிருந்தா அந்த 4 லட்சமும் போச்சு.

7. பணக் கணக்கை முதல்லயே போடு

வட்டி மானியம் இப்படி: வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். கடன்ல முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீதம். மொத்தமா அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு வருஷத் தவணையா உன் லோன் கணக்குக்கே வரும். 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கின கடனா இருக்கணும். தவணை வர்றப்போ கடன் நடப்புல இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கியும் இருக்கணும். சீட்டு எடுத்து அவசரமா லோனை அடைச்சுட்டா, மீதி மானியம் வராது. விண்ணப்பம் போடுறப்போ, 'இந்தத் திட்டத்துல சேர்த்திருக்கீங்களா'ன்னு பேங்க்ல எழுத்துல கேள்.

பத்திரம் உன் பேர்ல இருக்கட்டும், இல்லைன்னா ரெண்டு பேர் பேர்லயும். திட்டமே அப்படித்தான் கேட்குது. இன்னொரு லாபம்: 2025 ஏப்ரல் 1-லேர்ந்து 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. 9 லட்சம்னா 9,000 ரூபாய் மிச்சம். ஒரு கட்டிலும் பீரோவும் அதுல வந்துடும்.

ஹவுசிங் போர்டு வீட்டுல முதல்ல சொல்றது தற்காலிக விலை, அப்புறம்தான் இறுதி விலை. நிலம் கொடுத்தவங்க கோர்ட்ல கூடுதல் இழப்பீடு வாங்கினா அதுவும் விலையில ஏறலாம். அதனால கடைசி ரூபாய் வரைக்கும் கணக்குப் போட்டு இறுக்கிப் பிடிக்காதே, கொஞ்சம் கையில வை.

8. பேரை மட்டும் கேட்டு தலையாட்டாதே, போய்ப் பார்

அத்திப்பட்டுன்னு அம்பத்தூர்ல ஒண்ணு இருக்கு, மீஞ்சூர் பக்கம் ஒண்ணு இருக்கு. நாவலூர்னா எல்லாரும் ஓ.எம்.ஆர்.னு நினைப்பாங்க, வாரியக் குடியிருப்பு இருக்கிற நாவலூர் படப்பை பக்கம். திட்டப் பகுதி எந்த வட்டம், எந்த மாவட்டம்னு கேட்டுக்கோ. பூந்தமல்லி பக்கம் திருமழிசையை அடுத்த கூடப்பாக்கத்துல இருக்கிற மாதிரி உள்ளடங்கின இடம்னா, காலையில ஏழு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் போய் பஸ்ஸுக்கு நின்னு பார். ஆவடி, அம்பத்தூர்ல மின்சார ரயில் இருக்கு. பூந்தமல்லி பக்கம் அது இல்லை. வெள்ளை போர்டு பஸ் நிக்குதா, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால்வாடி எவ்வளவு தூரம், லிஃப்ட் ஓடுதா, தண்ணி எத்தனை மணிக்கு வருதுன்னு அங்கே குடியிருக்கிற பொம்பளைங்ககிட்ட கேள். வாடகை மிச்சமாகி ஷேர் ஆட்டோவுக்கே போச்சுன்னா என்ன லாபம்?

9. 'ஆள் தெரியும்'னு வர்றவனை வாசலோட அனுப்பு

வாரியத்துல வேலை பார்க்கிறேன், 50,000 கொடு, சாவி வாங்கித் தர்றேன்னு சொல்றவன் காட்டுற ஒதுக்கீடு ஆணை பெரும்பாலும் கலர் ஜெராக்ஸ். வாரியத்துக்குக் கட்டுற பணம் வாரியத்தோட பேர்ல, பேங்க் வழியாத்தான் போகணும்; தனி ஆளோட ஜிபேக்குப் போகாது. அதே மாதிரி இன்னொருத்தருக்கு ஒதுக்கின வாரிய வீட்டை இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்காதே. கணக்கெடுப்பு வந்தா நீதான் வெளியே. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு உட்காராதே. 2022-லேர்ந்து ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு, அங்கே புகார் கொடு. ஆன்லைன்ல பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போன் போடு.

10. மனு கொடுத்ததோட முடிஞ்சுதுன்னு இருக்காதே

மனு கொடுத்தா ரசீதோ, விண்ணப்ப எண்ணோ வாங்காம நகராதே. அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போன்லயும் வை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். அங்கே கொடுக்கிற மனுவுக்கு நம்பர் கிடைக்கும். முதல்வர் உதவி மையம் 1100-க்கும் சொல்லலாம். ரொம்ப நாள் பதிலே இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 'என் விண்ணப்பம் இப்போ எந்த நிலையில, யாரிடம் இருக்கு?'ன்னு மட்டும் கேள். 30 நாள்ல பதில் சொல்லியாகணும். காரசாரமா நாலு பக்கம் எழுதுறதை விட இந்த ஒரு வரி வேலை செய்யும்.

வீடு கிடைச்ச பிறகும் சலான் ஒண்ணு விடாம வை. மொத்தப் பணமும் கட்டினதும் கிரையப் பத்திரம் கேட்டு வாங்கு. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டவங்க பிள்ளைங்க கல்யாணத்துக்குக் கடன் கேட்கிறப்போதான் பத்திரம் இல்லாதது தெரிஞ்சு திணறுறாங்க. ஒதுக்கின வீட்டை வாடகைக்கு விடாதே, நீயே குடியிரு.

கடைசியா ஒண்ணு. இந்த வாரம் மனு போட எந்த அறிவிப்பும் இல்லைன்னாலும் ரெண்டு வேலையை முடி: ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேர் சரிபார், வருமானச் சான்றுக்கு இ-சேவையில எழுதிக் கொடு. மத்ததை அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கலாம், அதுக்குள்ள இது ரெண்டும் கையில இருக்கும்.