பெட்டியின்மேல் உள்ள எண்ணும் பெட்டிக்குள் உள்ள மின்சாரமும்

நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் அந்நூலை முழுவதும் படித்த பின்னரே எழுதவேண்டும் என்பது முறை. கருவிகளுக்கு மதிப்புரை கூறுவோருக்கும் இம்முறை பொருந்தும். ஆயினும் இன்று நாம் காணும் கருவி மதிப்புரைகளுள் பெரும்பாலானவை பெட்டியின் மேலட்டையைப் படித்துவிட்டுச் சொல்லப்படுபவையே. "இத்தனை மில்லி ஆம்பியர்-மணி, இத்தனை மணி நேரம், இத்தனை மீட்டர் ஆழம்" என்று அட்டையில் உள்ள எண்கள் அப்படியே நம் காதில் விழுகின்றன. எந்த நிலைமையில் அளந்த எண் அது என்று கேட்பார் இலர். ஆய்வுக்கூடத்தில் நிலைமையைக் குறிக்காமல் ஓர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் ஏட்டைத் திருப்பித் தந்துவிடுவார். கடையில் மட்டும் அவ்வெண்ணுக்குப் பணம் கொடுக்கிறோம்.

நம் விடுதிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது பவர் பேங்க். சார்மினார் விரைவு வண்டியில் சென்னைக்குப் போகும் இரவில் அதன் அருமை தெரியும். ஆபிட்ஸில் உள்ள ஜகதீஷ் மார்க்கெட்டிலும் கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியிலும் இது பல விலைகளில் கிடைக்கிறது. (கோட்டி என்ற சொல்லுக்கு நெல்லைச் சீமையில் வேறு பொருள் உண்டு. இங்கே அது கடைவீதியின் பெயர். சில பேரங்களைப் பார்த்தால் நெல்லைப் பொருளும் பொருந்துவதாகவே தோன்றும்.)

பெட்டியின்மேல் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. நம் கைப்பேசியின் மின்கலம் 5,000. ஆகவே இருமுறை முழுதாக ஏற்றலாம் என்று கணக்கிடுகிறோம். இக்கணக்கு தவறு. மில்லி ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு; ஆற்றலின் அளவு அன்று. ஆயிரம் லிட்டர் தண்ணீர் மாடித் தொட்டியில் இருப்பதும் தரைத் தொட்டியில் இருப்பதும் ஒன்றாகுமா? லிட்டர் ஒன்றே, ஆனால் மாடித் தொட்டித் தண்ணீர் செய்யக்கூடிய வேலை மிகுதி. தண்ணீருக்கு உயரம் எப்படியோ மின்சாரத்துக்கு மின்னழுத்தம் அப்படி.

பவர் பேங்கின் உள்ளே இருப்பது இலித்தியம்-அயனி மின்கலம். 1991-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது; இதனை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட்டும் தீரும் தறுவாயில் 3 வோல்ட்டும் காட்டும் இக்கலத்தின் சராசரியை 3.7 வோல்ட் என்று கொள்வது வழக்கம். ஆகவே 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 10 × 3.7 = 37 வாட்-மணி. கம்பி வழியே வெளிவருவதோ 5 வோல்ட். அதே 37 வாட்-மணியை 5 வோல்ட்டில் கொடுத்தால் 7,400 மில்லி ஆம்பியர்-மணிதான் வரும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தன் பங்குக்குச் சிறிது ஆற்றலை வெப்பமாக்கிவிடும். எஞ்சுவது சற்றேறக்குறைய 6,400. அப்படியானால் விற்றவர் பொய் சொன்னாரா? இல்லை. நல்ல நிறுவனங்கள் பெட்டியின் பின்புறம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில், "ரேட்டட் கெபாசிட்டி" என்று இந்தச் சிறிய எண்ணையும் அச்சிடுகின்றன. நாம் வாங்குவது அந்த எண்ணைத்தான். வாட்-மணிக்கு வேறொரு பயனும் உண்டு. விமானத்தில் 100 வாட்-மணிவரை உள்ளதைத்தான் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகலாம்; அதுவும் கைப்பையில் மட்டும்.

இதனைச் சோதிப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 5 ஓம், 10 வாட் சிமெண்ட் மின்தடை ஒன்று, பழைய யு.எஸ்.பி. கம்பி ஒன்று, வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று. மூன்றும் கோட்டியில் கிடைக்கும். 5 வோல்ட்டை 5 ஓமின் வழியே விட்டால் 1 ஆம்பியர், அதாவது 5 வாட். எத்தனை மணி ஓடியது என்று பார்த்து 5-ஆல் பெருக்கினால் வாட்-மணி கிடைத்துவிடும். கைப்பேசியை ஏற்றிப் பார்ப்பது சோதனையாகாது. அது நிறைய நிறையத் தான் வாங்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். மின்தடை நன்றாகச் சுடும். பீங்கான் தட்டின்மேல் வைத்துப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

அறைத் தோழர்கள் இருவரிடம் இருந்த பெட்டிகளை இவ்வாறு ஓட்டிப் பார்த்தேன். 10,000 என்று எழுதிய முதற்பெட்டி 6 மணி 24 நிமிடம் ஓடியது. அதாவது 32 வாட்-மணி; எழுதிய 37-இல் நூற்றுக்கு 86 பங்கு. நேர்மையான பெட்டி. மற்றொன்று நடைபாதையில் வாங்கியது. விலை முதற்பெட்டியின் பாதி. எழுதியிருந்த எண்ணோ இருமடங்கு, 20,000. அது 74 வாட்-மணி இருக்கவேண்டிய பெட்டி. 3 மணி 12 நிமிடத்தில் நின்றுவிட்டது. கொடுத்தது 16 வாட்-மணி. உள்ளே இருந்த கலம் ஏறக்குறைய 5,000 என்று கொள்ளலாம். வாங்கியவர் தம் உதவித்தொகையில் வீட்டுக்கு அனுப்பியதுபோக மிஞ்சியதைக் கொண்டு வாங்கியவர். மலிவு என்று எண்ணினார். வாட்-மணிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே விலைதான்.

மீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. மளிகைக்கடைத் தராசு போதும். இன்று சந்தையில் உள்ள நல்ல இலித்தியம்-அயனி கலங்கள் கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட்-மணி தாங்குகின்றன. ஆகவே 74 வாட்-மணிக்குக் கலம் மட்டுமே 300 கிராம் அளவில் இருக்கவேண்டும். அந்த நடைபாதைப் பெட்டி கூட்டோடு சேர்த்து 140 கிராம்! இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எடை குறைந்தால் பொய் என்பது உறுதி. எடை சரியாயிருந்தால் மெய் என்பது உறுதியன்று. பெட்டிக்குள் மணலை அடைப்போரும் உண்டு.

மற்ற எண்களும் இவ்வாறே. கைப்பேசியில் ஐ.பி.67 என்றிருந்தால், கடைசி 7 குறிப்பது 1 மீட்டர் ஆழத்தில், அசையாத நன்னீரில், 30 நிமிடம். சவர்க்கார நீரும் கடல்நீரும் அக்கணக்கில் சேரா. காதொலிக் கருவியின் மணிக்கணக்கு பெரும்பாலும் பாதி ஒலியளவில் எடுத்தது. நம் விடுதியில் பாதி ஒலியளவில் பாட்டுக் கேட்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எண்ணே இல்லாத ஒரு குறையும் மதிப்புரைகளில் உண்டு. அது காலம். 2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியைப் பல நாட்டு மதிப்புரையாளரும் புகழ்ந்தனர். திரையையும் படப்பெட்டியையும் அவர்கள் நன்றாகத்தான் சோதித்தார்கள். செப்டம்பரில் அது தீப்பற்றுகிறது என்று திரும்பப் பெறப்பட்டது. மாற்றாகக் கொடுத்தவையும் தீப்பற்றவே அக்டோபரில் உற்பத்தியே நின்றது. மின்கலங்களின் அமைப்பிலும் பற்றவைப்பிலும் இருந்த குறைகளே காரணம் என்று நிறுவனம் 2017 ஜனவரியில் அறிவித்தது. ஒரு வார மதிப்புரையில் இது தெரிய வழியில்லை. இந்நகரில் 1967-இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். நிறுவனம் ஒருகாலத்தில் ஈ.சி. டி.வி. என்ற தொலைக்காட்சிப் பெட்டியைச் செய்து விற்றது. அக்காலத்தில் பெட்டி வாங்க நினைத்தவர், அண்டை வீட்டில் ஓராண்டாக ஓடும் பெட்டியைப் பார்த்துவிட்டு வாங்கியிருப்பார். அந்த அண்டை வீட்டார் நமக்கு இன்றும் வேண்டும்.

தீப்பற்றாமை பற்றி அரசின் பதிவு ஒன்று உண்டு. 2012-இல் மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை பிறந்தது. பவர் பேங்க் பின்னர் அதில் சேர்ந்தது. பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆர் என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கவேண்டும். குறியை அச்சிடுவது எவருக்கும் எளிது. ஆதலால் பதிவெண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, வரும் நிறுவனப் பெயர் பெட்டியில் உள்ளதுதானா என்று பார்க்கவேண்டும். இது பாதுகாப்புக்கான பதிவு. கொள்ளளவுக்குச் சான்று அன்று. என் தோழரின் நடைபாதைப் பெட்டியில் பதிவெண்ணே இல்லை. தலைமாட்டில் வைத்துத் தூங்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சங்க அறையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். பொருளின் பெயர், வாங்கிய நாள், விலை, எழுதியுள்ள எண், அளந்த எண், ஓராண்டுக்குப் பின் அளந்த எண் என ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டம் இப்போதைக்குக் காலி. மின்தடையும் மீட்டரும் அறையிலேயே இருக்கின்றன. சனிக்கிழமை காலை 8 மணிக்கு வருவோர் தம் பெட்டியை முழுதாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும். 10,000 என்று எழுதியதற்கு ஆறரை மணி ஆகும். 20,000 உடையவர்கள் இரவு 9 மணிவரை இருக்க ஆயத்தமாக வரவும்; சிலர் பகல் உணவுக்கே திரும்பிவிடக்கூடும்.