சுங்கப் பாலமும் தம்பியின் கட்டுரையும்



செயின்ட் லூயிஸ் நகருக்கு வடக்கே மிஸிஸிப்பி நதியைக் கடக்கும் செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை நேற்று மத்தியானம் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே அந்தப் பாலம் நதியின் சௌந்தரியத்தில் மயங்கி இடை வளைந்து நிற்பதாக நீ வர்ணித்திருப்பதைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இரும்பு மயங்காது, தம்பி. நேர்கோடாகப் போட்ட முதல் திட்டத்தைப் படகுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் கோபுரங்கள் இரண்டு ஏற்கெனவே ஆற்றில் நிற்க, அவற்றுக்கும் பாலத்தின் தூண்களுக்கும் நடுவே அந்த நீரோட்டத்தில் படகு செலுத்துவது அபாயம் என்றார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கோட்டில் தூண்களின் பாரத்தைத் தாங்கத்தக்க பாறையும் அடியில் அகப்படவில்லை. ஆகவேதான் பாலம் நடு ஆற்றில் 22 டிகிரி திரும்பியது.

பாலத்தின் இரும்பைப் பிணைக்கும் ரிவிட்டுகளை 'இரும்பு மல்லிகை' என்றும் எழுதியிருக்கிறாய். என் இளமையில் ஒரு பட்டறையில், உலையில் பழுக்கக் காய்ந்த ரிவிட்டை ஒருவன் இடுக்கியால் வீச, மேலே ஒருவன் தகர வாளியில் ஏந்தி, ஆறுவதற்குள் துளையில் செருகி அடிப்பார்கள். ஆறிய பின் மேஸ்திரி என் விரலை அதன் தலையோரத்தில் வைக்கச் சொல்லி, மறுபுறம் சிறு சுத்தியலால் தட்டுவார். விரலில் துளி அசைவு தெரிந்தாலும் வெட்டி எறியச் சொல்லிவிடுவார். எழுபது வயதிலும் அந்த விரல் அதை ஞாபகம் வைத்திருக்கிறது. மல்லிகையாம்!

இனி, பாலத்தைக் கடக்க வாங்கிய சுங்கம். அதற்கு நீ கொடுத்திருப்பது ஒரே ஒரு வரி. பாலத்தின் ஜாதகம் அதன் வரவு செலவுப் புத்தகத்தில் இருக்கிறதென்று சொல்லிச் சொல்லி, நண்பர்களிடம் 'கணக்குப்பிள்ளை' என்று பட்டமே வாங்கிவிட்டேன், வாங்கினால் என்ன? பன்னிரண்டரை லட்சம் டாலரில் முடியுமென்று மதிப்பிட்டு, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் விழுங்கி, 1929 ஜூலையில் திறந்த பாலம் இது. மூன்றே மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1939-ல் ஆற்றின் மறுகரையிலுள்ள மாடிஸன் நகரம் பாலத்தை வாங்கிற்று. பிற்பாடு அருகிலேயே சுங்கமில்லாத நெடுஞ்சாலைப் பாலம் வந்ததும், காசு கொடுத்து வளைவில் திண்டாட எவன் வருவான்? கதவை மூடினார்கள். 1975-ல் இடிக்கவும் நாள் பார்த்தார்கள். அச்சமயம் பழைய இரும்பின் விலை வீழ்ந்து, இடித்தால் நஷ்டம் என்றாகவே விட்டுவிட்டார்கள். 1999 முதல் ஜனங்கள் அதன்மேல் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். சௌந்தரியமா அதைக் காப்பாற்றியது?

ஆனால் இருபத்துநாலு அடி அகலத்தில், அந்த வளைவில், இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்து நிற்க, எவன் முதலில் பின்வாங்குவதென்று இரு டிரைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பத்தி இருக்கிறதே, அதை மூன்று தடவை படித்தேன். நாற்பது வருஷம் எழுதியும் அப்படியொரு பத்தி எனக்கு வாய்க்கவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப எழுது. சாவடியில் சில்லறை எண்ணுகிறவனும் அதில் வரட்டும்.

மற்றவை நேரில்.