“எட்டு மணி நேரம் இருக்கு, மலைக்கு வந்துட்டுப் போறேன்!”

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவில் சொந்தபந்தம் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மெல்பர்னுக்கோ பாலிக்கோ போகிற வழியில் கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். கையில் எட்டு மணி நேரம் இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் கேமரன் மலை விரற்கடை தூரத்தில் தெரிகிறது. மலையில் இருக்கும் அத்தையும் வேண்டாமென்று சொல்ல மனமில்லாமல், “வாப்பா, வந்து ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ” என்கிறார். இப்படிக் கிளம்பி விமானத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

நம்பிக்கை: எட்டு மணி நேர டிரான்சிட் என்றால் ஊர் சுற்ற எட்டு மணி நேரம்.

இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, வெளியே வர ஒரு மணி நேரம். அடுத்த அனைத்துலக விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்பியிருப்பது நல்லது. மிச்சம் நான்கு. விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கிலிருந்து கோலா தெர்லா ஏறக்குறைய 300 கிலோமீட்டர். காரில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பத்து மணி நேரம் இருந்தாலும், பன்னிரண்டு இருந்தாலும் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

அந்த நான்கு மணி நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்திலும், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்திலும் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கும் தூரம். வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். பத்து மணி நேரம் இருந்தால் கொமுட்டர் ரயில் பிடித்துப் பத்துமலைக்குப் போய், 272 படி ஏறி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

நம்பிக்கை: கேமரன் மலை பகாங் மாநிலம். அதனால் குவாந்தான் விமான நிலையம்தான் கிட்டே.

பயணச்சீட்டு தேடும்போது பலர் சறுக்கும் இடம் இது. குவாந்தான் பகாங்கின் தலைநகர்தான், ஆனால் அது கிழக்குக் கடற்கரை. கேமரன் மலையோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பேராக் எல்லையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மலையேறும் முக்கியச் சாலைகளான தாப்பா சாலையும் சிம்பாங் பூலாய் சாலையும் பேராக்கிலிருந்துதான் புறப்படுகின்றன. மலையில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஈப்போ.

இரண்டு சாலைகளில் எது என்பதும் முக்கியம். தாப்பா வழி பழையது, வளைவுகள் அதிகம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் கடந்துதான் கோலா தெர்லா வரும். சிம்பாங் பூலாய் வழியில் வந்தால் கம்போங் ராஜாவைத் தாண்டியதும் நம் ஊர். ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்.

நம்பிக்கை: ஈப்போவில் என்ன இருக்கிறது? விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடலாம்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் வந்து, அங்கே மாறி ஈப்போவில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மலையிலிருந்து காலையிலேயே இறங்கிவிட்டு, மாலை விமானத்துக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஈப்போ விமான நிலையம் சின்னது. நாலு மணி நேரம் உட்கார அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது ஊருக்குள்ளேயே இருப்பதுதான் அதன் பெரிய வசதி. பெட்டியைத் தங்கும் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ போட்டுவிட்டு டாக்சி எடுத்தால் சற்று நேரத்தில் பழைய நகரத்துக்கு வந்துவிடலாம். ஆர்தர் ஹப்பாக் வடிவமைத்த வெள்ளை ரயில் நிலையம், அதைச் சுற்றி வெள்ளைக் காப்பிக் கடைகள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது புந்தோங். கடலை, முறுக்கு, பகோடா, காரப் பருப்பு என்று மலேசியா முழுவதும் ‘கச்சாங் பூத்தே’ என்று கேட்டு வாங்கும் நொறுக்குத் தீனிக்குப் பேர்போன இடம் அது. குனோங் செரோவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். பேராக் மாநிலத்தின் தைப்பூசம் அங்கேதான் களைகட்டும்.

ஒரு அரைநாள் இருந்தால் பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போய் வாருங்கள். பேய் மாளிகை என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யமில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் சென்னையிலிருந்து செங்கல்லும் கொத்தனார்களும் வரவழைத்துக் கட்டத் தொடங்கியது அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றுபோனது. வேலையாட்களிடையே காய்ச்சல் பரவியபோது அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் கட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது அந்தக் கோயிலைத்தான்.

மலை ஏற நேரமில்லாதவர்கள் அத்தையை ஈப்போவுக்கு இறங்கி வரச் சொல்லலாம். வயதானவர் நாலு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: டிரான்சிட் பயணியை வெளியே விடமாட்டார்கள், பெட்டி தானாகப் போய்விடும்.

இரண்டுமே பாதி உண்மை. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா விலக்கு இருக்கிறது. 2026 முடியும்வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டிய வேலை அது. மற்ற நாட்டுக் கடப்பிதழ்களுக்கு விதி வேறு. ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானமும் இருந்தால்தான் பெட்டி தொடர்ந்து போகும். மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக இரண்டு சீட்டு எடுத்தால், பெட்டியை நீங்களே எடுத்து, குடிநுழைவைத் தாண்டி, மறுபடி பதிய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

நம்பிக்கை: மேலே வந்தால் கூடை சுமந்த தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறிப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று பெரும்பாலும் இயந்திரம் வெட்டுகிறது. இயக்குபவர்களில் பலர் வங்காளதேசத்தினர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். கோலா தெர்லாவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிவது தேயிலையைவிட அதிகமாக நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும்தான். தேயிலைதான் பார்க்க வேண்டும் என்றால் ‘போ’ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மாலை வரை காத்திருக்காது.

அதனால் விமானச்சீட்டு எடுக்கும்போதே இரண்டு நாள் இடைவெளி விட்டு எடுங்கள். மேலே ஏறக் கார் கிடைத்துவிடும்; இறங்க ‘கிராப்’ வாடகைக் கார் கிடைப்பது அரிது, அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும் நாட்களும் உண்டு, விமானம் புறப்படும் நாளன்று மலையில் கண் விழிக்காதீர்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் கீ ஃபார்மிலிருந்து திரிங்காப் வரை வாகனங்கள் அசையாமல் நிற்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வந்து போங்கள்.